பரணில் கிடைத்த நைட்ரோ கார்: இடுக்கியைக் கீழே வையுங்கள்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறோம். என் தாத்தா பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றியவர். 1982-இல் ஊர் திரும்பியபோது அப்பாவுக்காக ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தார். அரை மீட்டர் நீளம் இருக்கும். உள்ளே சிறிய என்ஜின். அதில் ‘ஓ.எஸ்.’ என்றும் 21 என்றும் பொறித்திருக்கிறது. அப்பா அதைப் பல ஆண்டுகள் ஓட்டினார். சென்ற ஆண்டு அவர் காலமானார். பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டியோடு கிடைத்தது. என்ஜின் முழுவதும் பழுப்பு நிறப் பிசின், விளக்கெண்ணெய் வாசனை. தம்பி இடுக்கியால் ஃப்ளைவீலைத் திருப்பிப் பார்த்தான், அசையவில்லை. தெருமுனை மெக்கானிக் பெட்ரோலில் ஊறவைக்கச் சொல்கிறார். அத்தை மகன், என்ஜினைத் தூக்கிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் பொருத்தலாம் என்கிறார். பதினோரு வயது மகன் கடற்கரையில் ஓட்டவேண்டும் என்கிறான். ஆயுத பூஜைக்குள் தயாராகுமா என்று அம்மா கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தம்பியின் கையிலிருக்கும் இடுக்கியை முதலில் வாங்கி வைத்துவிடுங்கள். பெட்ரோல் யோசனையையும் விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த என்ஜின் செத்துப்போகவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. செத்த என்ஜினை உயிர்ப்பிப்பது செலவு பிடித்த வேலை. ஒட்டிக்கொண்ட என்ஜினுக்குச் சூடும் பொறுமையும் போதும்.

அந்த விளக்கெண்ணெய் வாசனை உங்கள் பிரமை இல்லை, உண்மையிலேயே ஆமணக்கு எண்ணெய்தான். இந்த வகை என்ஜினுக்கான எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்தது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் என்பதால் உயவுக்கென்று தனியாக எண்ணெய் கிடையாது. எரிபொருளோடு வருவதுதான் எல்லாம். அந்தக் காலத்துக் கலவைகளில் ஆமணக்கு எண்ணெய் தாராளமாக இருந்தது. சூடு பட்டுப் பட்டு அது வார்னிஷ் போல இறுகிவிடும். அதுதான் இப்போது பிஸ்டனைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் அதே பிசின்தான் இத்தனை ஆண்டுகளாக உள்ளேயிருக்கும் எஃகைக் கடல்காற்றிலிருந்து காப்பாற்றியும் இருக்கிறது. செயற்கை எண்ணெய் மட்டும் சேர்ந்த எரிபொருளில் ஓடி, அப்படியே மூலையில் கிடந்த என்ஜின்கள் நம் கடலோரத்தில் பெரும்பாலும் பேரிங் துருவோடுதான் வரும். உங்கள் அப்பா பழைய எண்ணெயிலேயே ஓட்டியது நல்லதாகப் போயிற்று.

பெட்ரோல் ஏன் கூடாது என்று மெக்கானிக்கிடம் நீங்களே விளக்கலாம். இதில் ஸ்பார்க் பிளக் இல்லை, க்ளோ பிளக். 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள் இது. உள்ளே பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச்சுருள் இருக்கும். தொடக்கத்தில் 1.5 வோல்ட் மின்சாரம் கொடுத்து அதைச் சிவக்க வைப்போம். என்ஜின் ஓடத் தொடங்கியபின் மின்சாரத்தை எடுத்துவிட்டாலும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டு நிகழும் வேதிவினையும் ஒவ்வொரு எரிப்பின் சூடும் சேர்ந்து சுருளை அணையாமல் வைத்திருக்கும். பெட்ரோலுக்கும் பிளாட்டினத்துக்கும் இந்தச் சம்பந்தம் கிடையாது, ஆகவே ஓடாது. ஊறவைப்பதற்கும் பயன்படாது. இறுகிப்போன ஆமணக்குப் பிசின் பெட்ரோலுக்கு அசைந்துகொடுக்காது. சிலிக்கோன் குழாயும் ரப்பர் வளையங்களும்தான் ஊதிக் கெட்டுப்போகும்.

இனி வேலைக்கு வருவோம். எதையும் கழற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது, கார்புரேட்டரின் ஊசித் திருகுகள் எத்தனை சுற்று திறந்திருக்கின்றன என்பதெல்லாம் முக்கியம். ஊசியை மெதுவாக உள்பக்கம் திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அது உங்கள் அப்பா கடைசியாக வைத்த அளவு; மறுபடி ஓட்டும்போது அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம். முட்டியபின் இறுக்கக் கூடாது, ஊசிமுனை நசுங்கிவிடும்.

பிறகு க்ளோ பிளக், சைலன்சர், கார்புரேட்டர் மூன்றையும் கழற்றி எடுத்துவிடுங்கள். ஓ.எஸ். ஜப்பான் தயாரிப்பு. அதன் கூட்டல்குறித் திருகுகளுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவர் சரியாக உட்காராது. நழுவி நழுவித் தலையை வழித்துவிடும். ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர) அளவு முனை என்று கேட்டு வாங்குங்கள். ஆலன் திருகுகளுக்குத் தேயாத, நல்ல ஆலன் கீ. இந்த இரண்டுக்கும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பிளக் துளை வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் துரு நெகிழ்த்தும் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் ஹீட் கன் கொண்டு சிலிண்டர் தலையையும் உடலையும் சீராகச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சீறவேண்டும், அந்த அளவுச் சூடு. முடி உலர்த்தும் கருவியும் சில நேரம் போதும், நேரம்தான் அதிகமாகும். கேஸ் அடுப்பின் தீயில் நேராகக் காட்டாதீர்கள். சூடாக இருக்கும்போதே தடித்த துணியால் ஃப்ளைவீலைப் பிடித்து முன்னும் பின்னுமாக லேசாக அசைத்துப் பாருங்கள். முழுச் சுற்று சுற்ற முயல வேண்டாம். ஒரு மயிரிழை நகர்ந்தால் அதுவே வெற்றி. மறுபடி எண்ணெய், மறுபடி சூடு. கொஞ்சம் கொஞ்சமாக அசைவு கூடி, பிசின் இளகி, ஒரு கட்டத்தில் தானாக வழுக்கிக்கொண்டு சுற்றும்.

நகரவே நகராவிட்டால் அதோடு நிறுத்துங்கள். புகைபோக்கித் துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பிஸ்டனைத் தள்ளும் வழக்கம் பலருக்கு உண்டு. பிஸ்டனின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அந்த என்ஜினுக்கு அமுக்கம் திரும்ப வராது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஃபைபர் படகு என்ஜின் பார்ப்பவர்களில் அபாரமான கைத்திறன் உள்ளவர்கள் இருக்கிறார்கள், உப்பையும் துருவையும் அவர்களைப் போல் அறிந்தவர் கிடையாது. ஆனால் அவர்கள் கை பழகியது பெரிய இரும்பில். அந்த 21 என்ற எண் குறிக்கும் சின்னஞ்சிறு 3.5 சிசி என்ஜினை அந்தச் சுத்தியலுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சுற்றத் தொடங்கியபின் ஒரு விஷயம் உங்களைக் குழப்பும். பிஸ்டன் மேலே வரும்போது மட்டும் இறுகும். இது கோளாறாக இருக்கவேண்டியதில்லை. இந்த என்ஜின்களில் இரண்டு வகை உண்டு. பிஸ்டனில் வளையம் உள்ளது ஒன்று. வளையமே இல்லாமல், குரோம் பூசிய பித்தளை லைனருக்குள் (சிலிண்டரின் உள்குழாய்) அலுமினியப் பிஸ்டன் ஓடுவது மற்றொன்று. இரண்டாவது வகையில் லைனர் மேலே போகப்போகச் சற்றுக் குறுகும்படியே செய்திருப்பார்கள். ஓடிச் சூடானதும் பித்தளை விரிந்து சரியான இடைவெளிக்கு வந்துவிடும். குளிர்ந்திருக்கும்போது அந்த இறுக்கம் இருந்தால் லைனர் இன்னும் தேயவில்லை என்று பொருள், மகிழ்ச்சியடையுங்கள். புகைபோக்கித் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், வளையம் இருந்தால் கோடாகத் தெரியும்.

அடுத்தது பேரிங். கிராங்க்ஷாஃப்டை விரலால் சுற்றும்போது கரகரவென்று மணல் அரைபடுவது போல் உணர்ந்தால் இரண்டு பேரிங்குகளையும் மாற்றியே ஆகவேண்டும். இந்த என்ஜின் நிமிடத்துக்கு 25,000 சுற்றைத் தொடக்கூடியது. துருப்பிடித்த ஒரு குண்டு உடைந்தால் துண்டுகள் லைனர்வரை போகும். இதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். என்ஜினை முழுவதும் பிரித்து, வெறும் அலுமினியக் கூட்டை மட்டும் நன்றாகச் சூடாக்கினால், அது எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் ஒரு தட்டில் பேரிங் விழுந்துவிடும். தெரிந்தவர் கையில் சில நிமிட வேலை. உங்கள் ஊரிலேயே மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் நுண்ணிய லேத் வேலை செய்யும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். அழிந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து கொடுத்தால் பேரிங் கடையில் இணையானதைத் தருவார்கள். அதிவேகத்துக்கு உகந்ததா என்று கேட்டு வாங்கவேண்டும். தம்பி இடுக்கி போட்ட இடத்தையும் அப்போதே பட்டறையில் காட்டுங்கள். ஃப்ளைவீல் ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுவார்கள்.

வெளியே கருகிப் படிந்த பழுப்புக் கறைக்கு ஒரு வழி உண்டு. வண்டிகளின் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டில் உலோகப் பாகங்களை மட்டும் முழுக்கி, மின்னடுப்பில் கொதிக்கவிடாமல் சில மணி நேரம் சூட்டிலேயே வைத்தால் கறை இளகிவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு, ஆகவே அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் வரக்கூடாது. நாய், பூனை நக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் என்ஜின் கண்ணாடி போல மின்னவேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். வயது தெரிந்தால் குறையொன்றுமில்லை.

வண்டியின் மேற்கூட்டுக்கும் இதே பேச்சுத்தான். அது பாலிகார்பனேட்டாக இருந்தால் வண்ணம் உள்பக்கம் பூசப்பட்டிருக்கும். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் வெடித்து வெளுத்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் போதும். மறுபடி வண்ணம் அடிக்காதீர்கள். அந்தக் கீறல்கள் உங்கள் அப்பா ஓட்டியதால் விழுந்தவை. ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தால் அதே அளவில் புதிய மேற்கூடு ஒன்று வாங்கிப் பொருத்திக்கொண்டு, பழையதை அலமாரியில் வையுங்கள். டயர் நுரைப்பஞ்சு வகையாக இருந்தால் தொட்டாலே உதிரும். பழைய சக்கரங்களைக் கழற்றி எடுத்துவைத்து, ஓட்டுவதற்கு வேறு சக்கரம். எரிபொருள் குழாய்களைக் கண்ணை மூடிக்கொண்டு புதிதாக மாற்றுங்கள். டேங்க்கின் மூடி ரப்பரில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள். காற்றுக் கசிவு இருந்தால் ஊசியை எத்தனை திருகினாலும் என்ஜின் ஒரு சீராக ஓடாது.

ரிமோட்டைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு கருத்தில்லை. பழைய ரிசீவரை நம்பி 3.5 சிசி வண்டியை ஓட்டாதீர்கள். சமிக்ஞை அறுந்தால் அது முழு வேகத்தில் யார் காலையாவது தேடிப் போகும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுக்கு இந்தியாவில் தனி உரிமம் தேவையில்லை. சமிக்ஞை போனால் தானாக வேகம் குறைத்துப் பிரேக் பிடிக்கும் வசதியும் அதில் உண்டு. அந்த வசதியை அமைத்துவிட்டு, ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பார்த்தபிறகே தரையில் விடவேண்டும். பழைய சர்வோக்களை (ஸ்டியரிங்கையும் கார்புரேட்டரையும் அசைக்கும் சிறு மோட்டார்கள்) புதிய ரிசீவரில் செருகுமுன் கம்பி வரிசை பொருந்துகிறதா என்று மல்ட்டிமீட்டரில் பாருங்கள். பேட்டரிப் பெட்டியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அது காரக் கசிவு. கையுறை அணிந்து, வினிகர் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பழைய நிக்கல் காட்மியம் செல்களைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். தாத்தா வாங்கிய ரிமோட்டும் அதன் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலும் மட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இனி எரிபொருள். இதைச் சற்று நீட்டித்தான் எழுதவேண்டும், ஏனென்றால் நாம் வசிக்கும் பகுதி அப்படி. 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை குடும்பங்களை அழித்தது என்று உங்களுக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் காரின் எரிபொருளில் பெரும்பகுதி அதே மெத்தனால். தமிழ்நாட்டில் அதை வைத்திருக்கவும் விற்கவும் 1959ஆம் ஆண்டு விதிகளின்படியே உரிமக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே மெத்தனாலைத் தனியாக வாங்கி வீட்டில் கலக்கும் எண்ணமே வேண்டாம். மருந்துக்கடை விளக்கெண்ணெயைச் சேர்த்துக் கலக்கச் சொல்லும் காணொளிகளையும் நம்பவேண்டாம்.

மாடல் விமானம், கார் விற்கும் முறையான கடையிலிருந்து தயார்நிலைக் கலவையாகவே, சிறிய டின்னாக வாங்குங்கள். பில்லை டின்னோடு சேர்த்து வையுங்கள். உங்கள் ஊருக்கே சாலைவழி அனுப்பித் தர இயலுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முத்திரையில்லாத கேனில் ஊற்றிக்கொண்டு, புதுச்சேரி-கடலூர் எல்லையிலுள்ள முள்ளோடையையோ ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியையோ தாண்ட முயன்றால், அது பொம்மைக் காருக்கானது என்று நீங்கள் சொல்வதைக் காவலர்கள் நம்பவேண்டிய அவசியம் இல்லை. பிரான்ஸில் உறவினர் யாராவது இருந்தால், அவர் விமானத்தில் கொண்டுவரவும் முடியாது, அனுமதி கிடையாது. க்ளோ பிளக், குழாய், வளையம் போன்றவற்றை அவர் வாங்கிவரலாம். பிளக்குக்கு ஓ.எஸ். 8ஆம் எண் என்று எழுதி அனுப்புங்கள். நடுத்தரச் சூடுள்ளது, இப்போதும் கிடைக்கிறது.

பழைய என்ஜினுக்கு நைட்ரோமீத்தேன் குறைவாகவும் எண்ணெய் கூடுதலாகவும் உள்ள கலவைதான் ஏற்றது. நைட்ரோ 10 முதல் 16 சதவீதம், எண்ணெய் 18 சதவீதத்துக்குக் குறையாமல், அதில் கொஞ்சமாவது ஆமணக்கு. அதிக நைட்ரோ என்றால் அதிக வேகம் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும், இத்தனை வயதான கனெக்டிங் ராடுக்கு அந்த ஆசை வேண்டாம்.

மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், ஆகவே கையுறை கட்டாயம். அதன் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா இல்லையா என்று தெரியாமலே கை வைத்துவிடுவோம்; பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கவேண்டும், மெத்தனால் தண்ணீரில் கரைவதால் தண்ணீராலேயே அணைக்கலாம். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்கக்கூடாது. யாராவது தவறி விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கவேண்டாம். பாதிப்பு பல மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படும், முதலில் போவது கண். உடனே மருத்துவமனை.

இதைப் படித்தபின் அத்தை மகனின் யோசனையே நல்லது என்று உங்களுக்குத் தோன்றலாம். பேட்டரியில் ஓடினால் நஞ்சு இல்லை, சத்தம் இல்லை, சோதனைச்சாவடி இல்லை. ஆனால் மோட்டார் பொருத்த அடித்தட்டில் புதுத் துளைகள் போடவேண்டும், என்ஜின் தாங்கியை அறுக்கவேண்டும். செய்துவிட்டால் திரும்ப வழியில்லை. இந்த வண்டியில் திருப்பிச் சரிசெய்ய முடியாத எதையும் செய்யாதீர்கள் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லும் ஒரே நிபந்தனை. புதுக் குழாய், புதுச் சக்கரம், புது ரிசீவர் எல்லாம் நாளை கழற்றக்கூடியவை. துளை அப்படியல்ல. மகனுக்கு ஆசை தாங்கவில்லை என்றால் சிறிய மின்சாரக் கார் ஒன்று தனியாக வாங்கிக் கொடுங்கள். கை பழகட்டும், தாத்தாவின் வண்டியைப் பெரியவர் ஒருவர் உடனிருக்க அவன் ஓட்டலாம். எரிபொருள் ஊற்றுவதும் ஸ்டார்ட் செய்வதும் உங்கள் வேலை.

கடற்கரை மட்டும் வேண்டாம். ஒரு சிட்டிகை மணல் கார்புரேட்டருக்குள் போனால் லைனர் ஒரே நாளில் தேய்ந்துவிடும். கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்களே என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அங்கே நடப்பவர்கள் குழந்தைகளும் முதியவர்களும். இந்த என்ஜினின் சத்தம் அவர்களுக்குத் தண்டனை. அனுமதி கேட்டுப் பெற்ற கல்லூரி மைதானமோ, காலியான தார்த்தளமோ பாருங்கள். காற்று வடிகட்டியின் பஞ்சு பழையதாக இருந்தால் உதிர்ந்து அதுவே உள்ளே போகும், புதிதாக மாற்றி எண்ணெய் தடவிப் போடுங்கள்.

முதல் சில டேங்க் எரிபொருளை, ஊசியை அப்பாவின் அளவைவிடக் கால் சுற்று கூடுதலாகத் திறந்து ஓட்டுங்கள். நீலப்புகை தாராளமாக வரவேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூடவேண்டும். வெப்பமானி இல்லையென்றால் சிலிண்டர் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: மூன்று நான்கு நொடிகளில் சீறி ஆவியானால் சரி, பட்டதும் மறைந்தால் சூடு மீறிவிட்டது, ஊசியைத் திறக்கவேண்டும். இன்னொன்று, மே மாதப் புழுக்கத்தில் வைத்த அளவு மார்கழிக் காலையில் பொருந்தாது. குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி அதிகம். அதே ஊசி அளவில் எரிபொருள் பற்றாமல் என்ஜின் கொதித்துவிடும். பருவம் மாறும்போதெல்லாம் சற்றுத் திறந்துவிட்டுத் தொடங்குங்கள்.

அம்மாவிடம் ஆயுத பூஜைக்கு வண்டி வந்துவிடும் என்று சொல்லலாம். ஓடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், பேரிங் கிடைப்பதைப் பொறுத்தது. சந்தனமும் குங்குமமும் அடித்தட்டின் ஓரத்திலோ பெட்டியின் மேலோ வைக்கச் சொல்லுங்கள். சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளுக்கு நடுவில் போனால் ஈரத்தோடு அங்கேயே உட்கார்ந்து அலுமினியத்தை அரிக்கும்.

ஓட்டி முடித்த ஒவ்வொரு நாளும் டேங்க்கை முழுவதும் காலிசெய்து, குழாயில் மிச்சம் இருப்பதும் எரிந்து தீரும்வரை என்ஜினை ஓடவிடுங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், உள்ளே மிஞ்சினால் புதுப் பேரிங்கும் துருப்பிடிக்கும். சூடு ஆறியதும் பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் என்ஜின் பாதுகாப்பு எண்ணெய் சில சொட்டு விட்டுச் சுற்றுங்கள். பிஸ்டன் கீழே இருக்கும் நிலையில் நிறுத்தி, ஃப்ளைவீலில் ஒரு பேனா அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். மேலே இறுகிய நிலையில் நின்றால் அடுத்த முறை மறுபடி ஹீட் கன் தேடவேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எரிபொருள் டின்னை அந்தப் பெட்டியோடு வைக்காமல், வீட்டுக்கு வெளியே, நிழலில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும்.